பசித்தால்தான் புறப்படும்

மர்சேய், 11 ஜூன் 2024

அன்புள்ள அண்ணன் மகள் துர்காவுக்கு,

அத்தை ராஜாம்பாள் எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர என் உறுப்புகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. கருவடிக்குப்பத்தில் அண்ணன், அண்ணி, நீ மூவரும் சுகந்தானே?

போன் செய்யாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. காதில் மாட்டியிருக்கும் கருவி தெருவில் போகிற மோட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிறது, மனுஷர் குரலை விழுங்கிவிடுகிறது. போனை எடுத்தால் உன் அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் கத்திவிட்டு வைக்கிறோம். காகிதம் பொறுமையானது.

விஷயத்துக்கு வருகிறேன். என் நாய் பத்ரோனைப் போட்டோவில் பார்த்திருப்பாய். பத்ரோன் என்றால் முதலாளி. அவன் அதிகாரத்தைப் பார்த்து உன் மாமா வைத்த பெயர். மாமா போனபிறகு இந்த வீட்டில் என்னோடு சேர்ந்து மூச்சு விடுகிற ஜீவன் அவன் ஒருவன்தான். இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தான். கண்ணைச் சுற்றி மயிர் கொட்டி, மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியார் மாதிரி ஆகிவிட்டான். நகம் வெட்ட வெட்ட வளர்கிறது. மிருக வைத்தியர் ரத்தம் எடுத்துப் பார்த்து, "லெஷ்மானியோஸ்" என்றார். இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று வீடு வரும்வரை யோசித்தேன். வாசலில் வந்துதான் உறைத்தது. நீ ஐந்து வருஷமாகக் கட்டிக்கொண்டு அழும் பூச்சி அல்லவா அது!

லியோனிலிருந்து உன் அத்தான் தேவதாஸ் வந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது மனுஷருக்கும் வர்ற வியாதியாம். ஊசி போட்டு அனுப்பிடலாம், அவனும் கஷ்டப்பட வேணாம்" என்றான். பெற்ற பிள்ளை என்றும் பார்க்காமல் அன்று அவனுக்குச் சோறு போடவில்லை. ஆனாலும் பயம் வந்துவிட்டது. நாய் என் மடியில்தான் படுக்கிறது. தொட்டால் ஒட்டுமா? நக்கினால் ஒட்டுமா? பெரிய படிப்பு படித்தவள் நீ, சுற்றி வளைக்காமல் எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தை

*

கருவடிக்குப்பம், புதுச்சேரி, 2 ஜூலை 2024

அன்புள்ள அத்தைக்கு,

துர்காவின் வணக்கம். இங்கே எல்லாரும் நலம். வெயில்தான் யாரையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் தேங்காய்த்திட்டு ஐஸ் பிளாண்டில் வேலை என்பதால் அவர் ஸ்வெட்டரோடு போய்வருகிறார். உங்கள் முழங்காலை அம்மா விசாரித்தார்கள்.

தொட்டால் ஒட்டாது அத்தை. நக்கினாலும் ஒட்டாது. பத்ரோன் உங்கள் மடியிலேயே படுக்கட்டும்.

முதலில் ஒரு திருத்தம். பூச்சி வேறு, வியாதி தரும் ஒட்டுண்ணி வேறு. பூச்சியின் பெயர் மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், சத்தமே போடாது. அது வியாதிக்கார நாயைக் கடிக்கும்போது ரத்தத்தோடு ஒட்டுண்ணியையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் அப்படி உள்ளே போன ஒட்டுண்ணியை அந்த ஈ உடனே இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. ஈயின் வயிற்றுக்குள் ஒரு வாரம், பத்து நாள் அது வளர்ந்து உருமாற வேண்டும். முதலில் மந்தமாக, குட்டையாக இருக்கும். பிறகு நீளமாகி, ஈயின் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பிறகு பெருகும். கடைசியில்தான் அந்த உருவம் வரும்: உடம்பு சிறுத்து, வால் நீண்டு, பெருகுவதையே நிறுத்திவிட்டு, ஈயின் வாய்ப்பக்கம் வேகமாக நீந்திப் போய்க் காத்திருக்கும். நோயைக் கொண்டுவருவது அந்தக் கடைசி உருவம்தான். ஆகவே நீங்கள் பயப்பட வேண்டியது ஈக்கு, நாய்க்கு இல்லை. ஈயை விரட்டும் மருந்துப் பட்டை ஒன்று நாயின் கழுத்தில் மாட்ட விற்கிறார்கள். உடனே வாங்குங்கள். சாயங்காலம் ஜன்னலைச் சாத்துங்கள்.

உங்கள் ஊரில் இருப்பதும் நான் வளர்ப்பதும் பங்காளிகள். இங்கே அது நாய்க்கு வருவதில்லை, மனிதருக்கு வருகிறது. பீகார் பக்கம் ஏழைக் குடும்பங்களில் காய்ச்சலும் வீங்கிய வயிறுமாகப் படுத்துவிடுவார்கள். மருந்து கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும்.

அந்தக் கடைசி உருவத்தைத்தான் அத்தை நானும் தேடுகிறேன். நம் ஊர் மாட்டுக்கொட்டகை ஈயை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதன் வயிற்றில் ஒட்டுண்ணி கடைசிவரை உருமாறுவதைக் காட்டவேண்டும். எந்த இடத்தில் உருமாறுகிறது, எதனால் உருமாறுகிறது என்று தெரிந்தால்தான் அங்கேயே மறிக்க வழி தேடலாம். இதுவரை பாதி வழியில் நின்றுவிடுகிறது. மார்ச்சில் என் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் காட்டாவிட்டால் ஈ அறையை மூடிவிடுவார்கள். எனக்குப் பட்டமும் கிடையாது. ஆனால் கவலைப்படாதீர்கள், முடித்துவிடுவேன்.

பத்ரோனைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
துர்கா

*

மர்சேய், 30 ஜூலை 2024

அன்புள்ள துர்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைத் தேவதாசுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவன் என்ன பதில் சொன்னான் என்பது என் காதில் விழவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

கழுத்துப் பட்டை வாங்கிவிட்டேன். பத்ரோனுக்கு அது பிடிக்கவில்லை, காலரில் டை கட்டிவிட்ட மாப்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டே இருக்கிறான். தினமும் மாத்திரை, ஒரு மாதம் ஊசி. முழுசாக ஒழியாது, ஆனால் அடங்கி இருக்கும் என்கிறார் வைத்தியர்.

உன் கடைசி உருவத்துக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேட்டேன். வாயில் நுழையாத ஒன்றைச் சொன்னார். நான் ஓட்டக்காரன் என்று வைத்துவிட்டேன். உடம்பைக் குறைத்துக்கொண்டு, கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு ஓடத் தயாராக நிற்கிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று அண்ணி போன வருஷம் அழுதாள். ஓட்டக்காரனைப் பிடி, அண்ணியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று எழுது. நான் கேட்கிறது ஓட்டக்காரனிடமிருந்து.

அத்தை

*

கருவடிக்குப்பம், 1 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். முழங்கால் எப்படி? பத்ரோன் எப்படி?

ஓட்டக்காரன் என்ற பெயர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் வழிகாட்டி ஜானகிராமன் சாரே நேற்று, "என்னம்மா, ஓட்டக்காரன் வந்தானா?" என்று கேட்டார். சாதாரணமாக அவர் சிரிப்பதற்கே முன் அனுமதி வாங்க வேண்டும்.

வளர்ப்பு ஈக்களோடு புது ஈக்களைச் சேர்க்க அப்பாவும் நானும் விடியற்காலையில் தவளக்குப்பம் போனோம். மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஈக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நான் கண்ணாடிக் குழாயால் வாய் வைத்து உறிஞ்சிப் பிடிப்பேன், அப்பா டார்ச் பிடிப்பார். கொட்டகைக்காரர் கன்னியப்பன் தடியோடு வந்துவிட்டார்.

"யாருய்யா அது, மாட்டாண்ட என்னா பண்றீங்க?"

"பூச்சி புடிக்கிறோம்பா" என்றார் அப்பா.

"பூச்சியா? இன்னாத்துக்கு?"

"வளக்கத்தான்."

கன்னியப்பன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் புடிச்சிக்கினு போங்க, ஒண்ணு கூட வைக்காதீங்க" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த முறை நிச்சயம் அத்தை. ஒட்டுண்ணி கலந்த ரத்தத்தை மெல்லிய தோல் வழியாக ஈக்களுக்கு ஊட்டியாகிவிட்டது. அதன்பிறகு அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சுதான் ஆகாரம். பூஞ்சையோ கிருமியோ வந்து கெடுத்துவிடாதபடி எல்லாவற்றையும் நானே சுத்தம் செய்கிறேன். கூண்டைக் கழுவி, பஞ்சை வேகவைத்து, சர்க்கரைத் தண்ணீரில் கிருமிக்கொல்லி மருந்தும் கலந்துவிடுகிறேன். மற்ற ஆய்வு மாணவிகள் என் மேஜைப் பக்கம் செருப்போடு வரப் பயப்படுகிறார்கள். என் ஈக்களைப்போலச் சுத்தமான ஈக்கள் இந்தியாவில் இருக்காது.

அடுத்த கடிதம் நல்ல செய்தியோடு.

துர்கா

*

கருவடிக்குப்பம், 20 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறோம். நீங்களும் பத்ரோனும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் வாழ்த்து அட்டை வந்தது, பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. காலையில் வெயில், மதியம் மேகம், மாலையில் கொட்டுகிறது. வாய்க்கால் தூர்வாரவில்லை என்று தெருவில் சண்டை. தீபாவளிக்கு அம்மா அதிரச மாவு போட்டுவிட்டார்கள். போன வருஷம் பாகு முற்றிவிட்டதால் இந்த முறை பக்கத்து வீட்டு சுமலதா அக்காவை மேற்பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். வஞ்சிரம் விலை ஏறிவிட்டது. அப்பா ஐஸ் பிளாண்டிலிருந்து வரும்போது சங்கராதான் வாங்கி வருகிறார். சண்டே மார்க்கெட்டில் அம்மாவுக்கு ஒரு குடை வாங்கினேன், முதல் காற்றிலேயே திரும்பிக்கொண்டது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துர்கா

*

மர்சேய், 10 நவம்பர் 2024

துர்காவுக்கு,

உன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கூடப் பிரித்து உள்ளே பார்த்தேன். மழை இருக்கிறது, மீன் இருக்கிறது, அதிரசம் இருக்கிறது, குடை கூட இருக்கிறது. ஈ எங்கே? ஓட்டக்காரன் எங்கே? இதுவரை எனக்கு வந்த கடிதம் எதிலும் நீ வானிலை அறிக்கை எழுதியதில்லை. உன் அப்பாவும் இப்படித்தான், அவன் வேலை பார்த்த மில்லை மூடின வருஷம் எனக்குப் பக்கம் பக்கமாகக் கோயில் தேரைப் பற்றி எழுதினான்.

சரி, உன்னைக் கேட்கும் முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். நானும் உன்னிடம் மறைத்தேன். செப்டம்பரில் பத்ரோன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். சிறுநீரகம் கெட்டுவருகிறது என்றார்கள். அந்த அட்டையில் "எல்லாரும் சுகம்" என்று எழுதியபோது அவன் என் காலடியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். தேவதாஸ் வைத்தியரிடம் நாள் குறித்துவிட்டான், நானும் சரி என்றுவிட்டேன். அன்று காலை கோட்டைப் போட்டுக்கொண்டு அழுதபடி கிளம்பினேன். திரும்பிப் பார்த்தால், மேஜைமேல் நான் எனக்கு வைத்திருந்த கறித்துண்டைக் காணோம். பத்ரோன் உதட்டை நக்கிக்கொண்டு நிற்கிறான். திருடுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறவனை யாராவது அனுப்புவார்களா? கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டேன். வைத்தியர் மாத்திரையை மாற்றினார். இப்போது பரவாயில்லை.

அதனால் சொல்கிறேன். நாள் குறித்தவர்கள் குறிக்கட்டும். உனக்கு என்ன நடந்தது என்று எழுது. மழையைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தாலும் கிழித்துப் போடுவேன்.

அத்தை

*

கருவடிக்குப்பம், 8 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் கிழித்தாலும் சரி, மழையைப் பற்றி எழுதாமல் முடியாது. புயல் எங்கள் தலைமேலேயே கரை கடந்தது. நாங்கள் மூவரும் நலம். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், ஃப்ரிட்ஜ் போயிற்று, மற்றபடி சேதமில்லை. பத்ரோன் திருடியதைப் படித்து அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன்.

உண்மையைச் சொல்கிறேன். செப்டம்பர் கூண்டு தோற்றது. அக்டோபர் கூண்டும் தோற்றது. ஈக்கள் சாகவில்லை. ஒட்டுண்ணியும் உள்ளே இருக்கிறது, பெருகவும் செய்கிறது. ஆனால் நீளமானவை, மந்தமானவை மட்டும்தான். பத்தாம் நாள் ஈயை அறுத்துப் பார்த்தால், குடலில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் மாதிரி சொகுசாக அசைந்துகொண்டிருக்கின்றன. ஓட்டக்காரன் ஒருவன் கூட இல்லை. ஜானகிராமன் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "துர்கா, மார்ச்சுக்கு அப்புறம் இந்த ரூமை வேற வேலைக்குக் கேக்கறாங்க. நான் இன்னும் எவ்ளோ நாள் புடிச்சு வைக்கிறது?" என்றார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா தினமும் வேலை முடிந்து வந்து, "உன் பூச்சிங்க சாப்பிட்டுச்சா?" என்று கேட்கிறார், நான் தலையாட்டுகிறேன்.

புயலுக்கு அப்புறம் தண்ணீரில் நடந்தே கூடத்துக்குப் போனேன். ஜெனரேட்டர் ஈ அறையைக் காப்பாற்றியிருந்தது. வராந்தாவில் இருந்த ஃப்ரிட்ஜ் அணைந்துபோய், கிருமிக்கொல்லி மருந்து சூடாகிக் கிடந்தது. இன்னும் வேலை செய்யலாம் என்றார்கள். என் குணம் தெரியுமே, கெட்டதோ என்று சந்தேகம் வந்தாலே எனக்குக் கை கூசும். கொட்டிவிட்டேன். சென்னையிலிருந்து புது மருந்து வரச் சாலை திறக்கவில்லை. கூண்டிலோ புதிதாகப் பொரித்து வந்த ஈக்கள் பசியோடு இருந்தன. விட்டால் செத்துவிடும். போகட்டும் என்று ஒட்டுண்ணி ரத்தம் ஊட்டி, வெறும் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் வைத்திருக்கிறேன். மருந்தில்லாத கூண்டு இது. பூஞ்சை பிடித்து நாசமாகப் போகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை அத்தை. மனசு விட்டுப்போயிற்று.

துர்கா

*

புதுச்சேரி, 19 டிசம்பர் 2024

அத்தை! அத்தை!

உங்கள் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. அந்தக் கடிதம் இன்னும் கடல் தாண்டியிருக்காது. அதைப் பிரித்தால் உடனே மூடிவிட்டு இதைப் படியுங்கள்.

சனிக்கிழமை அந்த மருந்தில்லாக் கூண்டைத் திறந்தேன். எதிர்பார்த்தபடி பாதி ஈக்கள் செத்திருந்தன. பஞ்சில் லேசாகப் பூஞ்சை. அருவருப்போடுதான் ஓர் ஈயை எடுத்து, தலையைப் பிடித்து இழுத்து, குடலைக் கண்ணாடிமேல் வைத்தேன். நுண்நோக்கியில் கண்ணை வைத்தேன்.

கொதிக்கிறது அத்தை! ஈயின் வாய்க்குப் பக்கத்தில், குடல் தொடங்கும் வால்வில், குட்டி உடம்பும் நீள வாலுமாக ஒரு கூட்டம். ஒன்றின் மேல் கண்ணை நிறுத்த முடியவில்லை. பார்ப்பதற்குள் பார்வைக்கு வெளியே ஓடிவிடுகிறது. இன்னொரு ஈயை அறுத்தேன், அதிலும் ஓட்டக்காரர்கள். மூன்றாவதிலும். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்து மேஜையிலிருந்த பூவிழி, "அக்கா, இன்னா ஆச்சு?" என்று ஓடிவந்தாள். "பாருடி, நீயே பாரு, நான் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் பார்த்துவிட்டு, "யம்மா, என்னா ஓட்டம்!" என்று கத்தினாள்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகுதான் புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஈயின் வயிற்றில் அதற்கென்று கிருமிகள் குடியிருக்கின்றன. ஈ குடிக்கும் சர்க்கரையை அவையும் தின்கின்றன. சர்க்கரை தீரத் தீர ஒட்டுண்ணிக்குப் பசி. இனி இங்கே வண்டி ஓடாது என்று தெரிந்தபிறகுதான் அது பெருகுவதை விட்டு, உடம்பைக் குறைத்துக்கொண்டு புறப்படத் தயாராகிறது. நான் என்ன செய்தேன்? மருந்து வைத்து அந்தக் கிருமிகளைக் கொன்றுவிட்டேன். என் ஒட்டுண்ணிகளுக்கு நாளெல்லாம் பந்தி. சாப்பாடு நிற்காத வீட்டைவிட்டு யார் கிளம்புவார்கள்? வேறு நாட்டு ஈக்களில் இதுபோல ஒன்றை எழுதியிருக்கிறார்கள், நான் அதைப் படித்துக் கோடு கூடப் போட்டிருக்கிறேன். ஆனால் சுத்தம் தப்பாக இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

இது இன்னும் ஊகம்தான். சார் இன்னொரு ஈயைத் தானே அறுத்துப் பார்த்தார். பிறகு, "புயல்ல வந்தது புயலோட போயிடலாம். வேணும்னு செஞ்சு காட்டு" என்றார். செய்து காட்டுகிறேன்.

துர்கா

*

மர்சேய், 9 ஜனவரி 2025

என் கண்ணே துர்கா,

புது வருஷ ஆசீர்வாதம். முழங்கால், காது, எல்லாம் பழைய மாதிரியே. இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நீ மூடச் சொன்னதைத்தான் நான் முதலில் படித்தேன். அடுத்ததைப் பிரிக்கப் பயந்து காபி போட்டுக்கொண்டேன், அது ஆறும்வரை உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரித்ததும் நான் போட்ட சத்தத்தில் பத்ரோன் எழுந்து குரைத்தான். கருவியைக் கழற்றி வைத்திருந்தேன், ஆனாலும் கேட்டது.

உன் குணம் எனக்கு ஆச்சரியமே இல்லை. உனக்கு ஐந்து வயசில் நான் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு சர்க்கரைக் கட்டி கொடுத்தேன். கீழே விழுந்துவிட்டது என்று குழாயடியில் கொண்டுபோய்க் கழுவினாய். கையை விரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அரைநாள் அழுதாய். இத்தனை வருஷம் கழித்து அதே சர்க்கரை உன்னை மறுபடி பிடித்துக்கொண்டதே!

உன் சார் சொன்னது சரி. எனக்கும் அவர்மேல் கோபம்தான், ஆனால் சரி. வேண்டுமென்று செய்து காட்டு. அழுக்காகச் செய், தைரியமாகச் செய். தோற்றாலும் அடுத்த கடிதத்தில் அதிரசம் வரக்கூடாது.

உன்னை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. நேரில் சொல்லத் தெரியாதவள் நான், எழுதிவிடுகிறேன்.

அத்தை

*

கருவடிக்குப்பம், 27 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதுவது எத்தனையோ தடவை எழுதியதுதான். இன்றைக்கு அதை முழு மனசோடு எழுதுகிறேன்.

ஒரே நாளில் பொரித்த ஈக்களை இரண்டு கூண்டாகப் பிரித்தோம். ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை. ஒன்றில் மருந்து, ஒன்றில் இல்லை. எதில் எது என்று எனக்குத் தெரியாது. சார் தானே கதவைச் சாத்திக்கொண்டு கலந்து வைத்தார். "உனக்குத் தெரிஞ்சா உன் ஆசையைத்தான் பாப்பே, பூச்சியைப் பாக்கமாட்டே" என்றார். மூன்று முறை இப்படிச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு கூண்டு கொதித்தது, ஒரு கூண்டு சோம்பிக் கிடந்தது. நான் எண்ணி எழுதிக் கொடுத்ததை அவர் வாங்கி, எந்தக் கூண்டில் மருந்து என்று தான் எழுதிய காகிதத்தோடு ஓர் உறையில் போட்டு ஒட்டினார். ஓடுகிறது என்பது மட்டும் போதாது, தொற்றவும் வேண்டும் அல்லவா? இரண்டு கூண்டிலிருந்தும் எடுத்த ஒட்டுண்ணிகளைத் தட்டில் வளர்த்த வெள்ளணுக்களோடு விட்டோம். ஒரு தட்டில் பெரும்பாலானவை செத்துக் கரைந்தன. இன்னொன்றில் வெள்ளணுவுக்குள் புகுந்து, உருண்டையாகி, குடியேறிவிட்டன. வியாதி வந்துவிட்டது என்று உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படித் துள்ளிக் குதித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து சார் தன் உறையைப் பிரித்தார். மூன்று முறையும் கொதித்த கூண்டு மருந்தில்லாத கூண்டு. புகுந்து குடியேறியவை அந்தக் கூண்டுப் பிள்ளைகள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். "கங்கிராட்ஸ்மா. மூடச் சொன்ன ரூமு இது" என்றார். பிறகு எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். அவர் தட்டியதும் மொத்தக் கூடமும் தட்டியது. நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

ஈ அறையை மூடவில்லை அத்தை. இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருஷம் நடத்தக் கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டை எழுதி முடிக்க எனக்கும் நீட்டிப்பு. முதல் மூன்று அத்தியாயம் சாரிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பாவை வரச் சொன்னேன். ஐஸ் பிளாண்ட் ஸ்வெட்டரோடு, ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். நுண்நோக்கியில் ஒரு கண்ணை வைக்கத் தெரியாமல் தடுமாறி, கடைசியில் பார்த்துவிட்டார். தலையை எடுக்கவே இல்லை. "இதுங்களா?" என்றார். "ஆமாப்பா." "இதுக்கா விடியகாலைல டார்ச்சு புடிச்சேன்?" "ஆமாப்பா." ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "மில்லு மூடினப்ப, இனிமே நம்ம வூட்ல ஒண்ணும் நடக்காதுன்னு நெனச்சேன். நீ நடத்திட்டே" என்றார். அத்தனை பேர் முன்னால் என் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

ஓட்டக்காரர்களின் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு இதோடு அனுப்புகிறேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அவர்கள்தான். ஓடிக்கொண்டே இருந்ததால் கொஞ்சம் கலங்கியிருக்கிறது. பத்ரோனுக்கும் காட்டுங்கள், அவனுடைய பங்காளிகள்.

என்றும் உங்கள்,
துர்கா

*

மர்சேய், 20 மார்ச் 2025

என் தங்கமே துர்கா,

நான் சுகம், பத்ரோன் சுகம். கண்ணைச் சுற்றி மயிர் முளைத்துவிட்டது, வாத்தியார் வேலையை விட்டுவிட்டான். காலையில் கடற்கரைக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், என் முழங்கால் அவனுக்குச் சம்மதமா என்று கேட்பதில்லை. தேவதாஸ் போன வாரம் வந்து, அவன் கழுத்துப் பட்டையைத் தானே சரிசெய்துவிட்டு, "துர்கா கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு எழுதும்மா" என்றான். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அண்ணன் முத்தம் கொடுத்த இடம் வரும்போதெல்லாம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரிக்கிறேன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கூட அவன் யாரையும் அப்படிக் கொஞ்சியதில்லை. ஜெயித்துவிட்டாய் துர்கா. என் அண்ணன் வீட்டில் ஒருத்தி ஜெயித்துவிட்டாள் என்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ரொட்டிக் கடைக்காரன் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டான்.

படத்துக்கு நல்ல மரச்சட்டம் போட்டு, கூடத்தில் மாமா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். நேற்று கீழ்வீட்டு மதாம் கொலெத் வந்தாள். அந்தக் கறுப்பையும் கலங்கிய வெள்ளையையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் படம் என்று நினைத்துவிட்டாள்போல. "மதாம் ராஜாம்பாள், சந்தோஷம்! பேரனா, பேத்தியா?" என்று கேட்டாள்.

உனக்கு இன்னும் பட்டம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. "டாக்டர்" என்றேன்.

அத்தை